பழைய காருக்கு நம்பகமான ஃபேன் ஸ்விட்ச் தேர்ந்தெடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கார் உதிரிபாகக் கடை கவுண்டரில் நிற்க ஆரம்பித்து எனக்கு 19 வருடம் ஆகிறது. யாராவது வந்து "ஒரு ஃபேன் ஸ்விட்ச் கொடுங்கள்" என்றால் உடனே அலமாரிப் பக்கம் போக மாட்டேன். "வண்டி எப்போது சூடாகிறது? ஓடும்போதா, நிற்கும்போதா?" என்று முதலில் கேட்பேன். அவசரத்தில் வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்கிப் போகும் ஸ்விட்ச்தான் அடுத்த வாரமே கடைக்குத் திரும்பி வருகிறது.

என் வண்டி 1992 ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப், 1.6 கார்புரேட்டர். அப்பா வாங்கியது. யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் 1984 முதல் 2009 வரை இந்த வண்டியைச் செய்தார்கள். அதனால் எங்கள் தெருவில் மட்டும் இன்னும் நாலு நிற்கிறது. எதிர்வீட்டு அண்ணனிடம் டொயோட்டா டாஸ், இங்கே பக்கத்தில் பிராஸ்பெக்டனில் செய்தது. இந்த வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனை ஓட்டுவது கம்ப்யூட்டர் இல்லை, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைத் துண்டு. அதுதான் ஃபேன் ஸ்விட்ச்: தண்ணீர் சூடானால் ஃபேனைப் போடும், ஆறினால் நிறுத்தும். அது சரியாக இருந்தால் முப்பது வயது வண்டி இன்னும் பத்து வருடம் ஓடும். அது ஏமாற்றினால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விடும். அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கேள்விக்கு வருவோம். வண்டி நல்ல வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டன் பக்கம் டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் ஊசி மேலே போகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) பாருங்கள், ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். ஃபேன் ஸ்விட்ச்சில் காசைப் போடாதீர்கள். ரோபோவில் (டிராஃபிக் சிக்னலை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம்) நின்றால் ஊசி ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால், அதுதான் ஃபேன் பக்கத்துக் கோளாறு.

ஃபேன் பக்கம் என்றாலும் ஸ்விட்ச்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. கோல்ஃப் மாதிரி வண்டிகளில் ஸ்விட்ச்சின் கப்ளரை (வயரோடு வந்து ஸ்விட்ச்சில் செருகும் பிளாஸ்டிக் முனை) கழற்றி, வயர் பக்கத்திலுள்ள இரண்டு முனைகளை ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் வயரும் பியூசும் சரி, ஸ்விட்ச் மீது சந்தேகப்படலாம். சுற்றாவிட்டால் ஸ்விட்ச் மாற்றி ஒரு பயனும் இல்லை. கையை இறக்கைக்குத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். இந்த வண்டிகளில் ஸ்விட்ச்சுக்கு எப்போதும் கரண்ட் உண்டு, சாவி கையில் இருந்தாலும் ஃபேன் சுற்றும். வேட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு எதையும் பானெட்டுக்குள் விடக் கூடாது.

மூன்று முள் ஸ்விட்ச் என்றால் ஃபேனுக்கு இரண்டு வேகம். கரண்ட் வரும் முள்ளை ஒவ்வொன்றோடும் தனித்தனியாக இணைத்துப் பார்க்க வேண்டும். அதிவேகம் மட்டும் வந்து மெதுவேகம் வரவில்லை என்றால் அநேகமாக மெதுவேகத்துக்குக் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். "ஃபேன் ரொம்ப லேட்டாக வருகிறது, ஸ்விட்ச் கெட்டுவிட்டது" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் கதை.

ஜப்பான் வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல பழைய டொயோட்டாக்களில் கணக்கு தலைகீழ். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்விட்ச் மூடியிருக்கும், சூடானால் திறக்கும். திறந்ததும் ரிலே (சிறு கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி) விட்டுவிடும், ஃபேன் ஓடும். சாவியைப் போட்டுக் கப்ளரைக் கழற்றினாலே ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். வயர் அறுந்து போனாலும் எஞ்சின் வேகாமல் காப்பாற்ற நினைத்துச் செய்த ஏற்பாடு அது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அந்த வண்டியில் மரை பொருந்துகிறதே என்று கோல்ஃப் வகை ஸ்விட்ச்சை மாட்டினால் குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் ஓடும், கொதிக்கும்போது நின்றுவிடும். வாங்கும்முன் "சூட்டில் மூடுவதா, சூட்டில் திறப்பதா" என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

டிகிரிக் கணக்கு

ஸ்விட்ச்சின் ஆறுபட்டைத் தலையில் இரண்டு எண் அடித்திருப்பார்கள், 95/90 என்பது மாதிரி. 95 டிகிரியில் ஃபேனைப் போடும், 90-க்கு இறங்கினால் நிறுத்தும். ஃபோக்ஸ்வாகனில் இரண்டு வேக ஸ்விட்ச்சுகளில் அதிகம் பார்ப்பது, முதல் வேகம் 92 முதல் 97-க்குள், இரண்டாவது 99 முதல் 105-க்குள் வருவது.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இருப்பது 87 டிகிரி. அதாவது எஞ்சினே 87-க்குக் கீழே போக விரும்பாத எஞ்சின். அதற்கு "டர்பன் வெயிலாச்சே, கொஞ்சம் முன்னாடியே ஃபேன் வரட்டும்" என்று 82-ல் போட்டு 77-ல் நிறுத்தும் ஸ்விட்ச்சை மாட்டினால் என்ன நடக்கும்? டிராஃபிக்கில் ஃபேன் நிற்கவே நிற்காது. எஞ்சின் அதனால் குளிர்ந்துவிடாது, தெர்மோஸ்டாட் அதை விடாது. மோட்டாரின் கார்பன் தேயும், ஆல்டர்னேட்டர் திணறும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரியைக் குடிக்கும். பாதுகாப்புக்காக என்று குறைந்த டிகிரி வாங்கியவர்கள், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரி வாங்க வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே மாதிரி, ஸ்விட்ச் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ரேடியேட்டரில் ஆறிய பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ஸ்விட்ச், எஞ்சினை விடப் பல டிகிரி குறைவான தண்ணீரைத்தான் தொடுகிறது. எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயில் இருக்கும் ஸ்விட்ச் முழுச் சூட்டையும் தொடுகிறது. ஒன்றுக்கு உரிய எண்ணை மற்றொன்றுக்கு எடுத்தால் தப்பாகும். வேறு ரேடியேட்டர் மாட்டியவர்கள், ஹோஸுக்கு நடுவே அலுமினிய அடாப்டர் வைத்து ஸ்விட்ச் மாட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். மேல் ஹோஸில் வைத்தால் கம்பெனி எண்ணைவிடக் கூடுதல் டிகிரி தேவைப்படும். அடாப்டர் ரப்பர் ஹோஸுக்கு நடுவே தொங்குவதால் அதற்கு எர்த்தும் கிடையாது. தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றை முள் ஸ்விட்ச் என்றால் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். ஒற்றை முள் ஸ்விட்ச்சின் மரையில் டெஃப்லான் டேப் கனமாகச் சுற்றுவதும் இதே தப்புதான். எர்த் கிடைக்காமல் போகும்.

ஒன்றும் மாற்றாத வண்டியா? கம்பெனி போட்ட டிகிரியையே வாங்குங்கள். அந்த எண்ணை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இசிப்பிங்கோவில் நான் கற்றுக்கொண்டது

டிகிரி சரியாக இருந்தும் ஸ்விட்ச் சாகும். அதை எனக்குக் காட்டியது ஒரு ஈஸ்டர் வெள்ளிக்கிழமை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் கூட்டம் எப்படி வரும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின் சீட்டில் ஆயா, மடியில் பூத்தட்டு. முன் சீட்டில் அம்மா. பாதி தூரம் போவதற்குள் ஊசி முக்கால் தாண்டிவிட்டது. ஃபேன் சத்தமே இல்லை. ஹீட்டரை முழுக்கத் திறந்து, நாலு கண்ணாடியையும் இறக்கினேன். உள்ளே அனல் அடித்தது. ஆயா ஒரு வார்த்தை சொல்லவில்லை, பூ வாடாமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டார். ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கோவிலுக்குப் போனோம்.

மறுநாள் கப்ளரைக் கழற்றினேன். பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. ஒரு முள் கறுத்திருந்தது. மற்றதில் பச்சைக் களிம்பு. கடல் காற்று ஊரில் இது வராமல் இருக்காது. அந்த ஸ்விட்ச் மாட்டிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதை ரம்பத்தால் வெட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு சிறிய தொடுபுள்ளிகள், மிளகு அளவு. மேல்பரப்பு முழுக்க அம்மை போட்ட மாதிரி குழி. ஃபேனின் மொத்தக் கரண்டும் அந்த மிளகு வழியாகத்தான் போயிருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். பழைய வண்டி ஃபேன் மோட்டார் 100 முதல் 250 வாட் வரை இருக்கும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 8 முதல் 20 ஆம்பியர். நின்ற இடத்திலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஒவ்வொரு தடவை போட்டு நிறுத்தும்போதும் ஒரு சிறு பொறி. புள்ளி குழிவிழுந்தால் தடை கூடும். 15 ஆம்பியர் ஓடும்போது ஸ்விட்ச்சில் அரை வோல்ட் விழுந்தால் கூட அங்கே ஏழரை வாட் சூடு. அந்தச் சூடுதான் கப்ளரைப் பொரித்தது.

உங்கள் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று வெட்டாமலே பார்க்கலாம். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஸ்விட்ச்சின் இரண்டு முள்ளிலும் கம்பியை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நல்ல ஸ்விட்ச். 0.5-ஐத் தாண்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே முடிவு இதுதான்: ஸ்விட்ச் உத்தரவு கொடுத்தால் போதும், பாரம் சுமக்கக் கூடாது. பாரத்தை ரிலே சுமக்கட்டும். ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கால் ஆம்பியர்கூட இழுக்காது. சுமாரான ஸ்விட்ச்கூட அந்தப் பாரத்தில் பல வருடம் ஓடும். எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் நேரடியாக 20 ஆம்பியர் சுமக்கும் ஸ்விட்ச் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

மோட்டாரைப் பார்க்காமல் ஸ்விட்ச் வாங்காதீர்கள்

ரொட்டி வண்டி ஓட்டும் ஒரு பெரியவர் இரண்டு மாதத்தில் மூன்று ஸ்விட்ச் வாங்கினார். மூன்றாவது முறை வந்தபோது மிகவும் நொந்து போயிருந்தார். வண்டி நின்றால் அன்றைக்கு அவருக்கு வருமானம் இல்லை. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஃபேனை நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். 12, 13 ஆம்பியர் காட்ட வேண்டிய மோட்டார் 28 காட்டியது. கையால் சுற்றினால் இறக்கை கரகரவென்று ஒரு சுற்றுக்கூட முழுமையாகப் போகவில்லை. மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து போயிருந்தது. மூன்று ஸ்விட்ச்சும் ஒழுங்கான ஸ்விட்ச்தான். மோட்டார்தான் அவற்றைக் கொன்றது. மோட்டார் மாற்றி, ரிலே வைத்த பிறகு அவர் ஸ்விட்ச்சுக்காக வரவே இல்லை.

ஆகவே, ஆறிய எஞ்சினில் இறக்கையை விரலால் தட்டிவிடுங்கள் (பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு). சுலபமாக ஓரிரு சுற்று போய் நிற்க வேண்டும். ஆட்டம், உரசல், முனகல் இருந்தால் முதலில் மோட்டார்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கவுண்டரில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மரை அளவு முதலில். ஃபோக்ஸ்வாகனுக்கும் இன்னும் பல ஐரோப்பிய வண்டிகளுக்கும் 22 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் (மரைப் பற்களின் இடைவெளி). பழைய ஸ்விட்ச்சைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து மரையோடு மரை உரசிப் பாருங்கள். பல் பல்லுக்குள் விழ வேண்டும். உள்ளே நீளும் பித்தளைக் குமிழின் நீளமும் அதே அளவு இருக்க வேண்டும்.

டிகிரி எண் உலோகத்தில் ஆழமாக அடித்திருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் எண் இருந்து ஸ்விட்ச்சில் இல்லை என்றால் நான் வாங்க மாட்டேன். முட்களை விரலால் அசையுங்கள். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேரும் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக மடிந்திருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் டர்பன் ஈரக்காற்று உள்ளே போய்விடும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று எதுவும் கேட்கக் கூடாது.

பெயர் கேட்பவர்களுக்கு: ஜெர்மனியின் வாலர், இத்தாலியின் ஃபாசெட், ஸ்பெயினின் எஃப்.ஏ.இ., பிரான்சின் வெர்னே இந்த வேலையிலேயே இருக்கும் கம்பெனிகள். ஆனால் பெட்டியின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நல்ல பெயருக்குப் போலியும் உண்டு. மேலே சொன்ன சோதனை எல்லாவற்றுக்கும் பொது.

டயலைத் திருப்பி டிகிரி வைக்கும் ஸ்விட்ச், நீளமான மெல்லிய செப்புக் குழாயோடு வருவது, அதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேறு வழியில்லாத வண்டிக்குப் பரவாயில்லை. குழாயை மேல் ஹோஸின் வாயில் ரப்பருக்கு அடியில் செருகுவது எனக்குப் பிடிக்காது, அங்கே கசியாமல் வைப்பது கஷ்டம். ரேடியேட்டரில் ஸ்விட்ச்சுக்கு ஏற்கெனவே மரை இருந்தால் மரை ஸ்விட்ச்சே நல்லது.

டேஷ்போர்டில் கையால் போடும் டோகிள் ஸ்விட்ச் வைப்பது? தாராளமாக வையுங்கள், ஆனால் இதோடு கூட, இதற்குப் பதிலாக அல்ல. பிள்ளைகள் பின்னால் சண்டை போடும்போது, மழை கொட்டும்போது யாருக்கும் ஊசி ஞாபகம் வராது.

வீட்டு அடுப்பில் ஒரு சோதனை

புது ஸ்விட்ச்சை மாட்டும்முன் நான் கட்டாயம் இதைச் செய்வேன். சமையலுக்குத் திரும்ப எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர். ஸ்விட்ச்சைக் கம்பியில் கட்டி, மரை வரைக்கும் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். அடியைத் தொடக் கூடாது, முட்கள் நனையக் கூடாது. பக்கத்திலேயே சமையல் தெர்மாமீட்டர். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து இரண்டு முள்ளிலும் மாட்டுங்கள். தீயைக் குறைத்து வையுங்கள், அவசரப்பட்டால் தண்ணீர் ஒரு டிகிரி, ஸ்விட்ச் ஒரு டிகிரி என்று இருக்கும்.

90 தாண்டியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல ஸ்விட்ச் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு ஒரே அடியில் மூடும், உடனே பீப் முழுசாக வரும். உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு குபுக்கென்று மறுபக்கம் வளைவதுதான் அந்தச் சத்தம். பீப் விட்டு விட்டு, நடுங்கி நடுங்கி வந்தால் தகடு மெதுவாக நகர்கிறது என்று பொருள். அப்படி மூடும் ஸ்விட்ச் ஒவ்வொரு தடவையும் நீளமாகப் பொறி விடும். அதைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, எந்த டிகிரியில் விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். மூன்றிலும் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். உடம்பில் அடித்த எண்ணிலிருந்து மூன்று டிகிரி வரை தள்ளியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், ஆனால் ஒரு தடவை 93, இன்னொரு தடவை 99 என்றால் அது என் வண்டிக்கு வேண்டாம்.

இந்தச் சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் மச்சான் இருக்கிறார். நான் இங்கிருந்து அனுப்பிய 95/90 ஸ்விட்ச்சை அடுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்தார். "தண்ணி தளதளன்னு கொதிக்குது மச்சான், ஸ்விட்ச் மூடவே மாட்டேங்குது. என்ன சாமான் அனுப்பியிருக்கீங்க?" எனக்கும் முதலில் புரியவில்லை. நானே இங்கே சோதித்து அனுப்பிய ஸ்விட்ச் அது. தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். "94-லேயே நிக்குது, மேலே ஏறவே இல்லை" என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. அவர் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,600 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்து நின்றுவிடும், என்ன தீ வைத்தாலும் 100-க்குப் போகாது. ஸ்விட்ச்சில் தப்பே இல்லை.

மறுநாள் ஒரு பழைய டின்னில் சமையல் எண்ணெய் ஊற்றி, வாசலில் சிறு தீயில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்விட்ச் 96-ல் மூடியது. நீங்களும் மேட்டு நிலத்தில் இருந்தால், அல்லது 99-க்கு மேல் வரும் இரண்டாம் வேகத்தைச் சோதிக்க வேண்டுமானால், தண்ணீர் போதாது, எண்ணெய்தான். ஸ்விட்ச்சும் டின்னும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், எண்ணெய் 110-ஐத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதே விஷயம் ரேடியேட்டர் மூடிக்கும் பொருந்தும். நல்ல மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தால் கடலோரத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மேட்டு ஊரில் அதிலிருந்து இரண்டு மூன்று டிகிரிதான் குறையும். ஆனால் மூடி செத்திருந்தால், லெனேசியாவில் ஃபேன் வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். ஸ்விட்ச் வாங்கும்போது மூடியையும் சோதித்துவிடுங்கள்.

ரிலே

சாதாரண 40 ஆம்பியர் நாலு முள் ரிலே போதும். காயிலுக்குக் குறுக்கே டையோடோ ரெசிஸ்டரோ உள்ளேயே வைத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். ரிலே விடும்போது காயில் ஒரு எதிர் மின்னடி கொடுக்கும், அது ஸ்விட்ச்சின் புள்ளியைத்தான் போய்த் தாக்கும். டையோடு உள்ளது என்றால் 86-ல் பாசிட்டிவ், 85-ல் எர்த், மாற்றக் கூடாது (இவை ரிலேயின் முட்களுக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் எண்கள்).

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30-க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே பியூஸ். என் வண்டிக்கு 25 ஆம்பியர் பியூஸ். 87-லிருந்து அதே தடிமனில் ஃபேனுக்கு. ஸ்விட்ச்சுக்கு வரும் கரண்ட் வயரில் 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று சேர்த்து, ஸ்விட்ச்சிலிருந்து முன்பு ஃபேனுக்குப் போன வயரை 86-க்குக் கொண்டுபோங்கள். ஃபேனின் எர்த் முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். பழைய வண்டியில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். ரிலேயை முட்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது. கப்ளரையும் புதிதாக வாங்குங்கள். பொரிந்த கப்ளரில் புது ஸ்விட்ச்சைச் செருகுவது வீண்.

ஏற்கெனவே நேரடியாக ஓடிக் குழிவிழுந்த பழைய ஸ்விட்ச்சை ரிலேயோடு சேர்த்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ரிலேயும் ஸ்விட்ச்சும் ஒரே நாளில் மாறட்டும்.

மாட்டும்போது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். வடியும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், விஷம், நாய் நக்கிவிடும். வாஷர் புதிதாகவே போடுங்கள். கையால் முழுக்கத் திருகிய பிறகு ஸ்பானரால் கொஞ்சமாக இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் கூடுதல் பலம் காட்டினால் தொட்டி வெடிக்கும், ஸ்விட்ச்சைப் போலப் பல மடங்கு செலவு.

கூலன்ட் நிரப்பியதும் ஹீட்டரைத் திறந்து வைத்து, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். ஸ்விட்ச் முனையில் காற்றுக் குமிழ் நின்றால் அது தண்ணீரைத் தொடாது, ஃபேன் வராது. புது ஸ்விட்ச்சைத் திட்டுவோம்.

கடைசியாக, வண்டியை நிழலில் நிறுத்தி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நில்லுங்கள். ஃபேன் மூன்று தடவை தானாக வந்து மூன்று தடவை தானாக நிற்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள். ஊசி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் திரும்புகிறதா என்று பாருங்கள். மூன்றாவது சுற்றில் ஸ்விட்ச்சின் முட்களில் வோல்ட்டையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். என் வண்டியில் ரிலே வைத்த பிறகு 0.02 காட்டியது. அந்த எண்ணையும், ஸ்விட்ச்சின் டிகிரியையும், பியூஸ் ஆம்பியரையும், மாட்டிய தேதியையும் பானெட்டின் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து அந்தப் பானெட்டைத் திறக்கப் போவது என் மகள். போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்தாள்.